மேயர் வீட்டு வாசலில் இரண்டு நண்டுகள்

சூப்பர்மார்க்கெட் வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கும் பெண்மணிதான் எங்கள் ஊர் மேயர் என்று தெரிந்த நாளில், நான் சட்டென்று ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன். அவர் கையில் ஒரு நாய்த்தீனிப் பையும் முட்டைக்கோசும் இருந்தன. என் கையில் பால் மட்டும். "உங்ககிட்ட ஒரே ஒரு சாமான்தானே, நீங்க போங்க" என்றார். "ஐயோ, நீங்க போங்க" என்றேன். அவர் மறுக்க, நான் வற்புறுத்த, பின்னால் நின்ற தாடிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார். ஒரு மேயரைச் சுற்றிக்கொண்டு! அந்த அம்மாள் சிரித்தார், அவ்வளவுதான். அவருக்கு முன்னால் வழி விலக்க ஆள் இல்லை, பின்னால் பை தூக்க ஆள் இல்லை. வெளியே வந்து பார்த்தால் பின்கதவு நசுங்கிய ஒரு பழைய காரில் அவரே முட்டைக்கோசை வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. மதிக்கவேண்டிய ஆள் இப்படி இருந்தால் மதிக்கிறவன் என்னதான் செய்வது?

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியா என்றதும் உங்கள் மனதில் வரும் பெருநகரம் எதிலும் நான் இல்லை. இது கடலோரத்தில், ஓர் ஆற்று முகத்துவாரத்தில், கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன நகரம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் காரில் கால்மணி நேரம். என் மனைவி கலா முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் நான் வந்தேன், அதை அவள் வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துவாள். நான் மீன் வைக்கிற குளிர்கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறேன். பழவேற்காட்டில் இறாலைக் கூடையில் தூக்கியவன், இங்கே அதையே டன் கணக்கில் தூக்குகிறேன். வாசனையில் மட்டும் வித்தியாசம் இல்லை.

இந்த ஊரை ஆள்வது கவுன்சில். பிரதமர் யாரென்று தெரியாமலே இங்கே காலம் தள்ளிவிடலாம், ஆனால் கவுன்சில் உங்களை விடாது. எந்த நிற மூடி போட்ட குப்பைத்தொட்டியை எந்த வாரம் தெருவில் வைப்பது, நாயை எங்கே பதிவது, வாசல் புல் எவ்வளவு உயரம் வளரலாம் என்பது வரைக்கும் அவர்கள் கையில். நாங்கள் வீடு வாங்கியதும் வந்த முதல் கடிதமே புல்லைப் பற்றியதுதான். 'தங்கள் வளாகத்தில் புல் அளவுக்கு மீறி வளர்ந்திருப்பதாக எங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது.' யார் கொண்டுவந்தார் என்று கடிதத்தில் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு பேரி அன்று முழுக்க என் கண்ணைப் பார்க்காமலே செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் வேலிக்கு மேலே ஒரு பை நிறைய மாம்பழம் நீட்டினார். இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். புகாரும் மாம்பழமும் ஒரே கையிலிருந்து வரும், அந்தக் கைக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

நான் பிறந்த குப்பம் பழவேற்காடு ஏரிக்குள்ளே, பசியாவரம் பக்கம். அங்கே எங்களுக்கு இரண்டு அரசாங்கம். ஒன்று சர்க்கார் பஞ்சாயத்து. தலைவி ஒரு பெண் என்று போர்டில் எழுதியிருக்கும், நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். படகு அணைக்க ஒரு படித்துறை கேட்டு ஊரே கையெழுத்துப் போட்டு, நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு மனு கொடுத்தார்கள். அதில் கைநாட்டு வைத்தவர்கள் பாதிப்பேர் இப்போது இல்லை. மனு மட்டும் எங்கேயோ இருக்கிறது என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள்.

இன்னோர் அரசாங்கம் ஊர்க்கூட்டம். அது கோயிலுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து நடப்பது. ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை அதுதான் பிரித்துக்கொடுக்கும். அந்த முறைக்குப் பெயர் பாடு. வருடத்துக்கு ஒருதரம் சீட்டுக் குலுக்குவார்கள். வீட்டுக்கு ஒரு பெயர். பெயரைக் கூப்பிட்டதும் அந்த வீட்டு ஆம்பிளை கையைத் தூக்கி 'கீறேன்' என்று சொல்லவேண்டும். இருக்கிறேன் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஊரில் இல்லாதவனுக்குப் பாடு இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவன் பெயரை அடித்துவிடுவார்கள். அடித்த பெயரைத் திரும்ப எழுத வைப்பது லேசில் நடக்காது. பெண்களுக்கு அந்த மணலில் இடமே கிடையாது. கூடையைத் தலையில் சுமந்து மீன் விற்று வீட்டை ஓட்டுகிறவர்கள் அவர்கள்தான், ஆனாலும் அவர்களுக்குப் பெயர் இல்லை. இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லவில்லை. அங்கே இருந்தபோது அந்தக் கூட்டத்தின் மீது எனக்கு வந்த கோபம், இங்கே கவுன்சில் மீது வரும் கோபத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

கூட்டத்தில் உங்கள் வழக்கு வருவதாக இருந்தால், முந்தின நாள் ஊர்த் தலைவர் வீட்டுக்கு நண்டோடு போகவேண்டும். நல்ல சேற்று நண்டு இரண்டு, கால்களைக் கட்டி, உயிரோடு. இது லஞ்சம் இல்லை. எதிராளியும்தான் கொண்டுபோவான். 'நாளைக்கு என் பேச்சு வருது, கொஞ்சம் காது குடு' என்பதுதான் அதற்கு அர்த்தம். வெறுங்கையோடு போனால், உன் தீர்ப்பு எனக்குத் தேவையில்லை என்று சொல்வதுபோல ஆகிவிடும். தலைவர் உடனே வாங்கமாட்டார். "இன்னாத்துக்குடா இதெல்லாம், எட்துகினு போ" என்று மூன்று தடவை சொல்வார். நீங்கள் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மறுப்பவருக்கும் அதில் மரியாதை, வைப்பவனுக்கும் மரியாதை.

எங்கள் நைனா, அதாவது என் அப்பா, அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அம்மா போய் நான்கு வருடமாகிறது. போன மழைக்காலத்தில் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. படித்துறை இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டார். இப்போது தடியை ஊன்றித்தான் நடக்கிறார். ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா செல்வி வாராவாரம் பஸ் மாறிப் படகு மாறி வந்து, நான்கு நாளைக்கு ஆகிறமாதிரி குழம்பு வைத்துவிட்டுப் போகிறாள். "என் வூட்டுக்கு வந்துடு நைனா" என்றால், "பொண்ணு வூட்ல குந்திகினு துன்றதா?" என்பார். என்னிடம் வரச்சொல்லி மூன்று வருடம் போனிலேயே சண்டை போட்டேன். கடைசியில் ஒருநாள் அவராகவே, "சரி, வர்றேன். ஆனா ஏணி ஏற மாட்டேன்" என்றார்.

ஏணி என்று அவர் சொன்னது எங்கள் வீட்டுப் படிக்கட்டை. வீடியோவில் பார்த்திருக்கிறார். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் எல்லாம் மரக்கால்கள் மேல் நிற்கும், வெள்ளத்துக்கும் வெக்கைக்கும் அப்படிக் கட்டினார்களாம். எங்கள் வீட்டுக்குப் பதினான்கு படி. அந்த இடுப்போடு அவர் ஏற முடியாது. அதனால் பின்பக்கம் தரையோடு தரையாக ஓர் அறை கட்டுவது என்று முடிவு செய்தோம். ஒரு கட்டில், ஒரு கழிவறை, கதவைத் திறந்தால் மண்ணில் கால் வைக்கிறமாதிரி. நான் கொல்லையில் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி, கயிற்றுக்கு உள்ளே நடந்து காட்டி, "இதுதான் உன் ரூம்பு நைனா" என்று வீடியோவில் காட்டினேன். "ஜன்னலு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காற்று வருகிற பக்கம் என்றேன். அந்த ஒரு பதிலில்தான் அவர் உண்மையிலேயே சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

கொல்லையில் அறை கட்ட கவுன்சில் அனுமதி வேண்டும். வரைபடம், வடிகால் படம், நிழல் எந்த மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்று ஒரு படம் எல்லாம் கொடுத்தோம். அதிகாரிகள் சரி என்றுதான் எழுதியிருந்தார்கள். அதற்குள் பேரி எழுத்து மூலமாக ஆட்சேபம் தெரிவித்துவிட்டார். மழைத்தண்ணீர் தன் பக்கம் வந்துவிடும் என்று அவருக்குக் கவலை. ஆட்சேபம் வந்ததால் விஷயம் முழு கவுன்சில் கூட்டத்துக்குப் போனது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேரியே வந்து சொன்னார்: "இதுல உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லை, மேட்." என் அப்பா எங்கே படுப்பார் என்பதில் என் மேல் ஒன்றும் இல்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் தமிழில் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் நைனா ஒரு காரியம் செய்துவிட்டார். விஷயம் கூட்டத்துக்கு வருகிறது என்று நான் சொன்னதைக் கேட்டதும், ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "எம்மவன் எனக்கு வூடு கட்டிட்டான், நான் போறேன், எம்பேரை அட்ச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். அடித்துவிட்டார்கள். "ஏன் நைனா அவசரம்? விண்ணப்பம்தான் குடுத்திருக்கேன்" என்று நான் கத்தினேன். "கூட்டத்துக்கு வந்துட்சு இல்ல? தலைவரைப் பாத்தியா?" என்றார். இன்னும் பார்க்கவில்லை என்றேன். "பாருடா மொதல்ல" என்றார். ஊரில் அடுத்த சீட்டுக் குலுக்கலுக்கு ஒரு மாதம் இருந்தது. இங்கே அறை கிடைக்காவிட்டால் அங்கே அவருக்குப் பாடும் இல்லை. அறுபது வருடமாக வலை கட்டியவர் சொந்த ஊரில் வெறும் ஆளாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆற்றில் கூண்டு போட்டேன். இங்கே பெட்டை நண்டைப் பிடிக்கக்கூடாது. சினை நிறைந்த பெட்டை நண்டுதான் எங்கள் பக்கம் ராஜமரியாதை, ஆனால் சட்டம் சட்டம்தான். வயிற்றைத் திருப்பிப் பார்த்து, ஆண் நண்டு என்று உறுதி செய்து, அளவுகோல் வைத்து அளந்து, அளவுக்கு மேல் இருந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது என்று அத்தனை கவனம்.

கலா பார்த்துவிட்டாள். அவள் மீஞ்சூர்க்காரி, ரயிலில் பட்டணம் போய்ப் படித்தவள், எங்கள் குப்பத்து வழக்கமெல்லாம் அவளுக்கு வேடிக்கை. "இன்னாய்யா இது, மேயருக்கு நண்டா? இன்னா பேசறே நீ? இங்கெல்லாம் அப்டி குடுக்க மாட்டாங்க" என்றாள். "அவங்க நமக்குச் செடி குடுத்தாங்களே" என்றேன். அது உண்மை. எங்களுக்குக் குடியுரிமை கொடுத்த அன்று, இதே மேயர் கழுத்தில் பெரிய சங்கிலி போட்டுக்கொண்டு வந்து, எங்கள் இருவருக்கும் கைகொடுத்து, ஆளுக்கு ஒரு சின்னத் தொட்டியில் இந்த மண்ணின் செடி என்று கொடுத்தார். ஒருத்தர் கொடுத்தால் பதிலுக்குக் கொடுப்பதுதானே முறை. கலா பெருமூச்சு விட்டு உள்ளே போய்விட்டாள்.

மேயர் பெயர் டோரீன். ஊரில் எல்லாரும் டோரீன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், என் நாக்குதான் திரும்பவில்லை. அவர் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. நான் போனபோது அரைக்கால் சட்டையோடு தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வாளியை நீட்டி, செவ்வாய்க்கிழமை என் அப்பாவின் அறை விஷயம் வருகிறது என்றேன். அவர் வாளிக்குள் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "என்னால இதை வாங்க முடியாது" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது, முதல் மறுப்பு வந்தாயிற்று. "பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "உண்மையாகவே முடியாது" என்றார். இரண்டு. "தயவுசெய்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். மூன்று. முறை முடிந்தது. வாளியை வாசற்படியில் வைத்து, கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினேன். கண்ணாடியில் பார்த்தபோது, அவர் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே தெருவுக்கு ஓடி வந்துகொண்டிருந்தார். வழியனுப்ப வருகிறார் என்று நினைத்து, கையை வெளியே நீட்டி அசைத்தேன்.

எனக்கு முன்னால் இந்த நாட்டுக்கு வந்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அடித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை முழுக்க ஏதோ ஓர் எண்ணிலிருந்து மூன்று முறை போன் வந்திருந்தது. குளிர்கிடங்கில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மாலையில் பார்த்து, ஏதோ விற்கிறவர்கள் என்று விட்டுவிட்டேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை நானும் கலாவும் நல்ல உடுப்பில் கவுன்சில் மண்டபத்துக்குப் போய்ப் பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் தலைக்கு மேலே சுவர் முழுக்கப் பழைய மேயர்களின் படங்கள். முதல் வரிசை முழுக்கத் தாடி, அடுத்தது மீசை, அதற்கப்புறம் மழித்த முகங்கள், கடைசியில் இரண்டு பெண்கள். எல்லார் கழுத்திலும் அதே சங்கிலி. அத்தனை பேரில் ஒருத்தராவது ஒரு நண்டை வாங்கியிருக்கமாட்டாரா என்று இப்போது தோன்றுகிறது. அந்தத் தாடிகளைப் பார்த்தால் நண்டு தின்னாத தாடிகளாகத் தெரியவில்லை.

கவுன்சிலர்கள் மேயரோடு சேர்த்து ஒன்பது பேர். எங்கள் விஷயம் வந்ததும் டோரீன் ஒரு தாளை எடுத்து வாசித்தார்: 'விண்ணப்பதாரர் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் இரண்டு உயிருள்ள நண்டுகளை விட்டுச் சென்றார். நான் மறுத்தேன். அவற்றை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். எனினும் நான் பாரபட்சமாக நடப்பதாக யாரும் நினைக்க இடம் இருக்கக்கூடாது. எனவே இதன்மீது முடிவெடுக்கும்போது நான் அறையில் இருக்கமாட்டேன்.' அவர் இதற்குச் சொன்ன பெயர் 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்.' நண்டு என்றதும் இரண்டு கவுன்சிலர்கள் சிரிப்பை அடக்கினார்கள். டோரீன் சிரிக்கவில்லை. எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, என்னைப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். துணைமேயர் தலைமை நாற்காலிக்கு வந்தார். ஆதரவாக நான்கு கை, எதிராக நான்கு கை. சரிசமமாக வந்தால் தலைமை நாற்காலிக்கு இன்னொரு ஓட்டு உண்டாம். சந்தேகம் இருக்கும்போது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லி, துணைமேயர் எதிராகப் போட்டார். அடுத்த விஷயம் தெருவிளக்கு. எல்லாம் சேர்த்துக் கால்மணி நேரம்கூட இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. கலாதான் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். கார் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் நண்டை வாங்கிக்கொண்டு போகச்சொல்லித் திரும்பவும் போன் வந்தது. அந்த மூன்று போனும் அதற்காகத்தானாம். கவுன்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். 'பொருள்: நண்டு. எண்ணிக்கை: இரண்டு. நிலை: திருப்பி அளிக்கப்பட்டது.' என் நண்டை நானே வாங்கிக்கொள்ள நான் கையெழுத்துப் போடவேண்டும். போட்டேன். ஊழியர்கள் சாப்பாடு வைக்கிற பிரிஜ்ஜிலிருந்து வாளியை எடுத்து வந்தாள். இரண்டும் செத்திருந்தன. செத்த சேற்று நண்டை எங்கள் பக்கம் பூனைக்குக்கூடப் போடமாட்டோம். "பத்திரமா குளிரிலதான் வச்சிருந்தோம்" என்று அவள் அக்கறையாகச் சொன்னாள். அவள் மேல் கோபப்பட வழியில்லை. இந்த ஊரில் கோபப்படுவதற்கு ஒரு சரியான ஆளைக்கூட எனக்குத் தரமாட்டேன் என்கிறார்கள்.

வாளியோடு வெளியே வரும்போது வாசலில் டோரீனைப் பார்த்தேன். அவரே கிட்டே வந்தார். "உங்க ஃபைல் முழுசும் படிச்சிருந்தேன். கையைத் தூக்கத் தயாராத்தான் இருந்தேன்" என்றார். "எங்க ஊரில் இது மரியாதை" என்றேன். "தெரியும், அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். "தெரிஞ்சுமா எழுந்து போனீங்க?" என்று கேட்டேன். "தெரிஞ்சதாலதான் என்னால உட்கார முடியலை" என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பி யோசித்தேன், இன்றுவரை எனக்கு அது செரிக்கவில்லை. அவர் நேர்மையான ஆள், அதில் சந்தேகம் இல்லை. எங்கள் குப்பத்துக்கு அப்படி ஒருத்தர் கிடைக்கமாட்டாரா என்று இருபது வருடம் ஏங்கியவன் நான். கிடைத்தார், என் அப்பாவுக்கு அறை இல்லாமல் போயிற்று. நேர்மையாக இருக்கட்டும், அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றால் உள்ளே யார் என்னைப் பார்ப்பது?

நைனாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று.

"தோத்துட்சு நைனா."

"எத்தினி பேரு?"

"நாலுக்கு நாலு. தலைவரம்மா எழுந்து வெளியே பூட்டாங்க."

"ஏன்?"

"நான் நண்டு குடுத்தேன்னு."

"கொறச்சலா குடுத்தியா?" என்றார்.

"ரெண்டு."

"ரெண்டு எப்டிடா போதும்? ஒம்போது பேரு கீறாங்கன்னு சொன்னியே, அல்லாருக்கும் குடுத்திருக்கணும்" என்றார். நான் போனிலேயே கத்தினேன். இது அப்படி இல்லை, கொடுத்ததே தப்பு, இங்கே சட்டம் வேறு என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நண்டை இன்னா பண்ணாங்க?" என்றார். பிரிஜ்ஜில் வைத்துச் சாகடித்துவிட்டார்கள் என்றேன். "அட பாவிங்களா" என்றார். அறை போனதற்கு வராத வருத்தம் அதற்கு வந்தது அவருக்கு.

திரும்ப விண்ணப்பிக்கலாம், ஆனால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். அதற்குள் ஊரில் சீட்டுக் குலுக்கல் வந்துவிடும். நைனா தடியை ஊன்றிக்கொண்டு, அக்கா வாங்கிவந்த நண்டோடு தலைவர் வீட்டுக்குப் போனார். அடித்த பேரைத் திரும்ப எழுதச் சொல்லிக் கேட்கத்தான் போகிறார் என்று அக்காவும் நானும் நினைத்தோம். தலைவர் மூன்று தடவை வேண்டாம் என்றார், நைனா வாசலில் வைத்துவிட்டு வந்தார். அன்று மத்தியானம் தலைவர் வீட்டு நண்டுக்குழம்பு வாசனை தெருக்கோடி வரைக்கும் வந்ததாம். பதில் மட்டும் வரவில்லை. "பாக்கலாம்" என்றாராம். அக்கா அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு இரண்டு ஊர் மேலும் வெறுப்பாக வந்தது. அங்கே நண்டைத் தின்றுவிட்டு வேலையைச் செய்யமாட்டேன் என்கிறார்கள். இங்கே தின்னவும் மாட்டேன், செய்யவும் மாட்டேன் என்கிறார்கள். தின்றுவிட்டுச் செய்கிறவனோ, தின்னாமல் செய்கிறவனோ இந்த உலகத்தில் ஒருத்தனும் இல்லையா?

குலுக்கல் நாளில் எனக்கு விடுமுறை. அங்கே காலை, இங்கே மத்தியானம் தாண்டிய நேரம். கலா வேலைக்குப் போயிருந்தாள். நான் புல் வெட்ட இறங்கினேன், கடிதம் வருவதற்கு முன்னால் வெட்டிவிட வேண்டுமே. மெஷின் கயிறு கட்டிய இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். முளைகளைப் பிடுங்க இன்னும் மனம் வரவில்லை. மேயர் கொடுத்த செடிகள் இரண்டும் ஓரத்தில் தொட்டியிலேயே இருக்கின்றன. அறைக்கு எவ்வளவு இடம் போகும் என்று தெரிந்த பிறகு மண்ணில் வைக்கலாம் என்று விட்டிருந்தேன். அந்த நேரம் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். பெண்கள் மணலுக்குள் போகக்கூடாது என்பதால் கோயில் மதிலோரம் நின்று போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். தூரத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நைனா பின்வரிசையில், தடியைப் பக்கத்தில் கிடத்தி உட்கார்ந்திருந்தார். "பேரு எழுதிட்டாங்களா?" என்றேன். "தெரியலடா. நைனாவும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றாள்.

பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை எழும்பியது, ஒரு 'கீறேன்' கேட்டது. நைனாவின் பெயர் வரவேண்டிய இடம் எனக்குத் தெரியும், எங்கள் தெரு முடிகிற இடம். அந்த இடத்தில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர் தாளைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்த்து, "சேகரு" என்றார். என் பெயர் சேகர். நைனா தன் பெயரைத் திரும்பக் கேட்கவேயில்லை. தனக்குப் பிறகும் இருக்கட்டும் என்று என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார். தலைவர் நண்டைத் தின்றது வீணாகவில்லை.

"சேகரு கீறானா?" என்று மறுபடி கேட்டார்கள்.

நைனா தடியை ஊன்றி, கஷ்டப்பட்டு எழுந்து நின்றார். "கீறான்" என்றார்.

"எங்கப்பா?" என்றது ஒரு குரல்.

"வூட்ல" என்றார் நைனா.

நான் ஏழாயிரம் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வேறு நாட்டுக் குடிமகனாக இருப்பது அந்த மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பத்து பேரிடமாவது நான் போனவாரம் போன் பேசியிருக்கிறேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் தாளை எடுத்து வாசிக்கவில்லை, எழுந்து வெளியே போகவில்லை. தலைவர் எழுதிக்கொண்டார். நைனாவுக்குச் சோறாக்கி வைத்து, குளிப்பாட்டி, இத்தனை வருடம் படகு மாறி வந்துகொண்டிருக்கும் அக்கா பெயரில்லாமல் மதிலோரம் நிற்கிறாள், ஊரில் இல்லாத நான் இருக்கிறேன். அநியாயம், பச்சைப் பொய், எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "கையைத் தூக்கு சேகரு, நைனா இங்க பாக்குது" என்றாள் அக்கா.

கட்டாத அந்த அறையில், கயிற்றுக்குள் நின்றபடி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். "கீறேன்" என்று சத்தமாகவே சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பேரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே அவரும் கையைத் தூக்கி எனக்கு அசைத்தார்.